துவைகல் பக்கத்து நாலு மரம்

அன்பு மகனுக்கு உன் ஐயா எழுதிக்கொள்வது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. முந்தாநாள் மத்தியானம் பாதிச் சோற்றில் தட்டை நகர்த்திவிட்டு, அம்மா கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனாய். கோபம் இருக்கிறவரை பசி தெரியாது, உடம்பு வலி தெரியாது. எனக்கும் அப்படித்தான். அதனால் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே நாங்களும் இருக்கிறோம். இந்த ஈரத்துக்கு என் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. பெய்த மழைக்குத் தோட்டத்தில் எலுமிச்சை எல்லாம் கொழுந்து விட்டு நிற்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசலாம் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய், உன் நாலுக்கு நான் எட்டு சொல்கிறேன், கடைசியில் என்ன பேச வந்தோம் என்பதே போய்விடுகிறது. காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. கடைசி வரி வரைக்கும் வாசி. அப்புறம் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

விஷயம் ஒன்றுதான். தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் சாத்தூரிலிருந்து நம் ஆமத்தூர்த் தோட்டத்துக்குச் சாப்பிட வருகிறார்கள். போன தடவை வந்தபோது உன் வருங்கால மாமனார் வேலியோரத்தில் செடியும் கொடியுமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘எலுமிச்சைத் தோட்டம்னு சொன்னீக, இங்கன பாதி காடால்ல கிடக்கு’ என்று சிரித்தார். மனுஷன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தார், இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார், அத்தோடு மறந்தும் போயிருப்பார். நீதான் மறக்கவில்லை. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனியில் லீவு விட்டதும் முதல் வேலையாக ஆள் பேசிவிட்டாய். வெள்ளிக்கிழமை காலையில் ஏழு பேர் மண்வெட்டியோடு வருகிறார்கள். வேலிக்கு உள்பக்கம் நாலு புறமும் உள்ள அந்தச் செடி வரிசையை வேரோடு செதுக்கி, கூட்டிப் பெருக்கி, வெறும் மண்ணாக்கி மாமனாருக்குக் காட்டப் போகிறாய். வேண்டாம் என்று நான் சொன்னேன். அதற்குத்தான் தட்டு நகர்ந்தது.

நீ பேசினது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ‘தோட்டம்னா தரை தெரியணும்யா’ என்றாய். ‘புழு பூச்சி எல்லாம் அந்தப் புதருக்குள்ள இருந்துதான வருது’ என்றாய். ‘எப்பவோ அம்மா நாலு ஈயப் பாத்தாகன்னு நாம காட்ட வளக்கணுமா’ என்றாய். எனக்கு அங்கேதான் ரத்தம் தலைக்கு ஏறியது. நீ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டாய் என்பதற்காக இல்லை. மூன்றும் நான் பேசினவை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தோட்டத்தில், இதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உங்க அம்மாவிடம் ஏறக்குறைய இதே வார்த்தையில் நான் பேசினதை நீ எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். என் சட்டையை நீ போட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். என் மடத்தனத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், நீயும் அதே வேலைதான் பார்க்கிறாய். பட்டாசுக் கம்பெனியில் கலவை அறையைச் சுற்றி மண் தெரிய வேண்டும். நான் போர்மேனாக இருந்த இருபது வருஷமும் காலையில் முதல் வேலை அந்த அறையைச் சுற்றி நடப்பதுதான். ஒரு புல் நின்றாலும் பூட்டைத் திறக்க மாட்டேன். ஆட்கள் முணுமுணுப்பார்கள், முதலாளி கூட ஒருநாள், ‘என்னய்யா, ஒத்தப் புல்லுக்கு ஆர்டர நிறுத்துறீரே’ என்றார். நான் அசையவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துக் கம்பெனியில் யாரோ போட்ட பீடித் துண்டில் காய்ந்த புல் பற்றி, அறை வரைக்கும் தீ நடந்து போனது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவர் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து அவருக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தினமும் வேலைக்குப் போவேன். அதிலிருந்து புல்லைக் கண்டால் எனக்குப் பச்சையாகவே தெரியாது, நாளைக்குக் காயப்போகிற சருகாகத்தான் தெரியும். கம்பெனியில் அது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். நீ அங்கே ஒரு புல்லை விட்டு வைத்தாய் என்று கேள்விப்பட்டால் வந்து அடிப்பேன். ஆனால் எலுமிச்சை மரத்தில் வெடிமருந்து இல்லை. அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆமத்தூர்த் தோட்டம் உங்க அம்மா பிறந்த வீட்டுச் சீதனம். உன் தாத்தா தன் கடைசிக் காலத்தில் அதைக் கொடுக்கும்போது கிளுவை வேலியும், வேலிக்கு உள்ளே இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்குத் தானாக முளைத்த செடிகளுமாகத்தான் கொடுத்தார். ஆவாரை, தும்பை, துத்தி, கொளுஞ்சி, தரையோடு படரும் மூக்கரட்டை, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. அவர் அதைத் தொட்டதே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். தோட்டம் என் கைக்கு வந்த முதல் வருஷமே ஆள் விட்டுச் செதுக்கினேன். கம்பெனியில் கலவை அறையைச் சுற்றி எப்படி வைத்திருந்தேனோ அப்படி. வாரம் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளும் புதிதாக முளைத்ததைத் தேடித்தேடிப் பிடுங்குவேன். ஊரில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ‘அண்ணாச்சி தோட்டம் தாம்பாளம்’ என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. அந்த இனிப்புத்தான் இப்போது உன்னையும் பிடித்து ஆட்டுகிறது.

இரண்டாவது மழைக்காலத்தில் புழு விழுந்தது. எலுமிச்சைப் புழு உனக்குத் தெரியும், சின்னதில் குருவி எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்கும், வளர்ந்தால் இலைப் பச்சை, தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாறும். முன்னாலும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, மரத்துக்கு அஞ்சாறு இருக்கும், தின்னும், போகும். அந்த வருஷம் கொழுந்து என்று ஒன்று விட்டுவைக்கவில்லை. மரத்தடியில் நின்றால் அது இலையைக் கடிக்கிற சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்புவாயா, எனக்குக் கேட்டது. டி.டி.டி. பவுடர் வாங்கித் துணிப்பையில் கட்டி ஒவ்வொரு மரத்தின் மேலும் உதறினேன். பொலபொலவென்று விழுந்தது. ஆகா, தீர்ந்தது சனியன் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்த கொழுந்துக்கு முன்னை விட அதிகமாக வந்தது. மறுபடி உதறினேன், மறுபடி வந்தது. நீ முந்தாநாள், ‘இப்ப நல்ல நல்ல மருந்து வந்துருக்குய்யா, அடிச்சாப் போச்சு’ என்றாயே, அந்த மருந்துக்குப் புழு எது, புழுவைக் கொல்ல வந்தது எது என்று பார்க்கத் தெரியாது. எனக்கே தெரியவில்லை, பவுடருக்கு எங்கே தெரியும்.

இனி நான் சொல்வது உன்னையும் சேர்ந்தது. நினைவிருக்கிறதோ என்னவோ. சில புழுக்கள் இலை மேல் அசையாமல் கிடக்கும், அதன் வயிற்றடியிலும் பக்கத்திலும் வெள்ளையாக, நொய் அரிசி மாதிரி, கொத்தாகப் பஞ்சு நூலோடு ஒட்டியிருக்கும்.  புழு முட்டை போட்டு அடைகாக்கிறது என்று நினைத்தேன். ஒரு புழு இருபது முப்பதாகப் பெருகப் போகிறது என்று பதறி, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வெள்ளைக் கொத்தைத் தேடித் தேடி நசுக்க வைத்தேன். நீ கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நசுக்கினாய், நான் பாராட்டினேன். புழுவா முட்டை போடும், பட்டாம்பூச்சி அல்லவா போடும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். நான் நின்று யோசித்த மனுஷன் இல்லை. நம்மைக் காப்பாற்ற வந்ததை என் பிள்ளை கையாலேயே கொல்ல வைத்தேன். இதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து, வேறு பேச்சுக்குப் போயிருக்கிறேன்.

கண்டுபிடித்தது உங்க அம்மா. அவளுக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், நசுக்குகிற இடத்தில் பச்சை ரத்தம் வராமல் சின்னதாகக் கருப்பாக ஏதோ வந்ததாம். ‘புழு முட்ட இல்ல இது, நசுக்காதீக, பொறுங்க’ என்றாள். ‘நீ அடுப்பப் பாரு’ என்றேன். அவள் அடுப்பையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். வெள்ளைக் கொத்து ஒட்டின ஒரு கொப்பை ஒடித்து, உடைந்துபோன அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடிக்குள் போட்டு, இரண்டு வாயையும் என் பழைய வேட்டித் துணியால் கட்டி, அரிசிப்பானை மேல் வைத்தாள். அஞ்சாறு நாள் கழித்துக் கண்ணாடிக்குள் பார்த்தால் ஒரு புழுக்குஞ்சு கூட இல்லை. எறும்புக்குச் சிறகு முளைத்த மாதிரி, இடுப்பு ஒடுங்கி, மீசை நீண்டு, அம்புட்டும் குளவி. கொசுவை விடச் சின்னக் குளவி. அந்தப் புழு எப்போதோ செத்து வெறும் தோலாகக் கிடந்தது. இவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, ‘இதுகதான் புழுவுக்குள்ள முட்டை வச்சு, உள்ளேயே தின்னு வளந்து, வெளிய வந்து கூடு கட்டுதுக. இதுகள நாம நசுக்குறோம், பவுடர் போட்டுக் கொல்லுறோம், புழு பெருகாம என்ன செய்யும்’ என்றாள். நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ஈ’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நாலு ஈ என்று நீ சொன்னாயே, அந்த ஈ இதுதான்.

அவள் விடவில்லை. அவளைப் பற்றி உனக்குத் தெரியாதது இதுதான், பேசமாட்டாள், ஆனால் விடமாட்டாள். தோட்டத்தில் நான் செதுக்காத ஒரே இடம் கிணற்றுக்குக் கிழக்கே துவைகல் பக்கம். அது அவள் புழங்குகிற இடம், துவைத்த தண்ணீர் ஓடிச் சகதியாகக் கிடக்கும், அங்கே மூக்கரட்டையும் ஆவாரையும் மண்டிக் கிடந்தன. அதை ஒட்டி அவள் கையால் வைத்த நாலு எலுமிச்சை. தோட்டம் முழுக்க மரம் விளக்குமாறாக நின்றபோது அந்த நாலு மட்டும் இலையும் காயுமாக நின்றது. துவைக்கிற தண்ணீர் பாய்வதால் என்று நான் ஒரு காரணம் சொன்னேன். அவள் காலை வெயில் ஏறும்போது துணியை ஊறவைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். அந்தப் பொடிக் குளவிகள் மூக்கரட்டையின் கடுகு மாதிரிப் பூவில் உட்கார்ந்து குடிக்கும், ஆவாரை இலைக் காம்பில் சொட்டாக ஊறுகிற இனிப்பை நக்கும், குடித்துவிட்டு நேரே எலுமிச்சைக்குப் போய்ப் புழுவைத் தேடும். புழு அவற்றின் பிள்ளைகளுக்குத் தீனி. தாய்க்குத் தீனி இந்தச் செடியில் இருந்தது. தாய்க்குத் தீனி கிடைக்கிற இடத்தில் நாலு நாள் உயிரோடு இருந்து நூறு புழுவைக் குத்தும், கிடைக்காத இடத்தில் ஒரு நாளில் செத்துப்போகும் அல்லது வேலி தாண்டிப் போய்விடும். நான் மூன்று பக்கமும் சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு, வேலைக்கு ஆள் வரவில்லையே என்று பவுடர் உதறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

‘சரிய்யா, தும்பைய மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுக்குறேன், பூ வெள்ளையா அழகா இருக்கும்’ என்றாய் கடைசியில், எனக்கு ஏதோ பிச்சை போடுகிற மாதிரி. தும்பைப் பூ ஆழம். தேனீ வரும், பட்டாம்பூச்சி வரும், அந்தப் பட்டாம்பூச்சிதான் உன் எலுமிச்சையில் முட்டை போடுகிறதும். பொடிக் குளவிக்கு வாய் அம்புட்டு நீளம் இல்லை, தும்பை அதற்கு எட்டாது. அதற்குச் சோறு போடுவது நீ குப்பை என்று சொல்கிற மூக்கரட்டையும், கண்ணுக்கே தெரியாத பூப் பூக்கிற நாலைந்து செடியும்தான். அழகுக்கு ஒன்றை விட்டுவிட்டு உபயோகத்தை வெட்டினால் என்ன பிரயோஜனம். காடாக விடு என்றும் நான் சொல்லவில்லை. நடைபாதையைச் செதுக்கு. படல் வாசலில் உள்ள முள்ளை எடு. துத்தியில் மாவுப்பூச்சி ஏறியிருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எரி. வேலியோரத்தைத் தொடாதே, அவ்வளவுதான். உன் மாமனார் மறுபடி சிரித்தால், இலையில் ஊறுகாயை வைத்து, இந்தக் காடு போட்ட காய் மாமா என்று சொல். அதற்கும் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் ஒன்று. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். உன் பெண்டாட்டி ஒன்றைக் காட்ட உன்னைக் கூப்பிட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்ப் பார். பார்க்காமல் பதில் சொல்லாதே. அவள் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், இருக்கட்டும், பார்த்துவிட்டுத் தப்பு என்று சொல். நான் உங்க அம்மாவைப் பார்க்காமலே பதில் சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். முந்தாநாள் நீ போனதும் அவளிடம், ‘நீயாவது அவன்கிட்டச் சொல்லேன்’ என்றேன். ‘ஒரு தடவ சொல்லியாச்சு. சொன்னதுக்குப் பலனும் பாத்தாச்சு. இனி உங்க மகன், உங்க பாடு’ என்று சொல்லிவிட்டு உன் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

துவைகல் பக்கத்து நாலு மரத்தைப் பார்த்த பிறகு எனக்குப் புத்தி வந்தது. செதுக்குவதை விட்டேன். செடி முளைத்தது, மூன்றாவது மழைக்குக் குளவி திரும்பியது, தோட்டம் தேறியது. இதுதான் நடந்தது. நீயும் அதைக் கேட்டு நட.

இதுவரை எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, உங்க அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பயறு உடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், ‘முழுசா எழுதியாச்சா’ என்றாள். எழுதியாச்சு என்றேன். ‘அந்த நாலு மரமும் இப்ப எங்கன நிக்கிதுன்னு எழுதலையே’ என்றாள். நான் காகிதத்தை மடித்தேன். ‘அதயும் எழுதுங்க. இல்லன்னா இதக் குடுத்து விடாதீக’ என்றாள். ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். என்னடா இவள், பிள்ளைக்கு முன்னால் என்னை அவிழ்த்துவிடப் பார்க்கிறாள் என்று. பிறகு பேனாவை எடுத்தேன்.

மேலே கடைசியாக எழுதினதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அது பொய். நடந்தது வேறு.

துவைகல் பக்கத்தையும் செதுக்க நான் ஏற்கெனவே ஆள் சொல்லியிருந்தேன். புழு அங்கேயிருந்துதான் பரவுகிறது, அதுதான் மிச்சம் இருக்கிற புதர் என்பது என் கணக்கு. ஆட்கள் வருகிற அன்று காலையில் உங்க அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி என் கையைப் பிடித்தது அதற்கு முன்னால் இல்லை. துவைகல்லில் உட்கார வைத்து, ‘பேசாமப் பாருங்க’ என்றாள். பார்த்தேன். மூக்கரட்டைப் பூவில் அந்தப் பொடிக் குளவி உட்கார்ந்து குடித்தது. பறந்து எலுமிச்சைக் கொழுந்துக்குப் போயிற்று. ஒரு புழுவின் முதுகில் ஏறி வாலை மடக்கிக் குத்தியது. ஒன்று இல்லை, என் கண்ணுக்கு நேராக மூன்று. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொல்ல முடியாது, முழுசாக விளங்கிவிட்டது. கண்ணாடிக்குள் அவள் காட்டினதும், நான் உதறின பவுடரும், உன் கட்டைவிரல் நகமும் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வரப்பு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் மாடசாமி. இப்போது உனக்கு ஆள் கூட்டி வருகிறாரே, அதே மாடசாமிதான்.

அவர் விவரமான ஆள். நாங்கள் இருவரும் அங்கே இருப்பதைப் பார்த்து மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ‘என்ன அண்ணாச்சி, ஆத்தா ஏதோ சொல்றாகபோல. வெட்டவா, வேணாமா?’ என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு மனுஷன் எனக்கு என்ன வழி விட முடியும். ‘வேண்டாம் மாடசாமி, போய் வாய்க்காலை ஆழப்படுத்துங்க’ என்று சொன்னால் முடிந்தது. அவர்களுக்கு அதுவும் கூலி, இதுவும் கூலி. ஆனால் அவருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். போர்மேன் அண்ணாச்சி பெண்டாட்டி சொல்லி நிறுத்தினார் என்று சாயங்காலம் டீக்கடையில் பேசுவார்கள் என்று தோன்றியது. ‘வெட்டுங்க’ என்றேன். எனக்குத் தெரிந்தே, சற்றுமுன் பார்த்த கண் காய்வதற்குள், வெட்டுங்க என்றேன். மத்தியானத்துக்குள் அந்த இடம் தரை தெரிந்தது. அடுத்த கொழுந்து வந்தபோது நாலு மரத்திலும் இலை இல்லை, அதற்கடுத்த கொழுந்துக்கும் இல்லை, கோடையில் பட்டை வெடித்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போயிற்று. இப்போது துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறோமே, அந்த இடம்தான். கொடியின் இரண்டு கம்பும் அந்த மரத்துக் கட்டை.

அதற்குப் பிறகு நான் செதுக்கவில்லை என்பது உண்மை. புத்தி வந்து நிறுத்தினேன் என்பது பொய். முழங்கால் வலி, ஆள் கிடைக்கவில்லை என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி விட்டேன். செடி தானாக வந்தது, குளவி தானாக வந்தது. நீ சொன்னது சரி என்று உங்க அம்மாவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தில் எழுதினதுதான் முதல். இப்போது இதையும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். உடைத்த பயறைப் புடைத்து முடிக்கிறவரை அவள் நிமிரவில்லை.

ஏன் இதை எழுத வைத்தாள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. நீ இதை வாசித்து நம்பமாட்டாய் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பயம் அது இல்லை. நீ நம்புவாய், நம்பின பிறகும் வெட்டுவாய் என்பதுதான் அவள் பயம். ஆள் சொல்லியாயிற்று, மாமனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஏழு பேர் வந்து நிற்கிறார்கள், இப்போது போய் எப்படி வேண்டாம் என்பது என்று உனக்கும் தோன்றும். என் பிள்ளை அல்லவா, தோன்றாமல் எப்படி. தோட்டத்தை உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தாயிற்று, உன்னைத் தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மாடசாமி வருவார். கேட்காமல் வெட்டுகிற ஆள் இல்லை அவர். மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ‘தம்பி, வெட்டவா, வேணாமா?’ என்று உன்னிடம் கேட்பார். அந்த நேரத்துக்கு உங்க அம்மா துவைகல்லில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், உன் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். நீ பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார். நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.

உன் ஐயா